எவரெஸ்ட் அடிவாரம் வரை நடக்க என்னால் முடியுமா?

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29, பள்ளிக்கூட ஆசிரியர். ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனோடு ஒக்ரோபரில் நேபாளம் போய், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க எண்ணியிருக்கிறார். பயண நிறுவனம் அனுப்பிய தாளில் ‘நடுத்தரம், முன் அனுபவம் தேவையில்லை, 10 நாள்’ என்று போட்டிருக்கிறதாம். "நான் மலையே ஏறாதவன். 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இடது கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. அண்ணா தினமும் ஓடுகிறவர். என்னால் முடியுமா? இந்தப் பாதை எவ்வளவு கடினம் என்று எப்படி அறிவது? வன்னியில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது? அம்மா வேண்டாம் என்கிறா." இவ்வளவும்தான் கேள்வி.

தம்பி, உங்களால் முடியும். ஆனால் அந்தத் தாளில் உள்ள 10 நாளில் வேண்டாம். உங்கள் காலை நினைத்து எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்தத் தாளை நினைத்துத்தான் கவலை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ‘நடுத்தரம்’ என்ற சொல்லை ஒரு பக்கம் வையுங்கள். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் உள்ள மற்றப் பயணங்களோடு ஒப்பிட்டுத்தான் இலகு, நடுத்தரம், கடினம் என்று எழுதுகிறது. ஆறாயிரம் மீற்றர் சிகரங்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு எவரெஸ்ட் அடிவாரம் நடுத்தரமாகத்தான் தெரியும். சுவிற்சர்லாந்தின் மலையேற்றச் சங்கம் நடைபாதைகளுக்கு டி1 முதல் டி6 வரை ஒரு தரவரிசை வைத்திருக்கிறது. நல்ல அளவுகோல்தான். ஆனால் அது பாதையை மட்டும் அளக்கிறது: வழி தெளிவாக இருக்கிறதா, கை ஊன்றி ஏற வேண்டுமா, சறுக்கினால் எங்கே போய் விழுவோம் என்பவற்றை. உயரத்தில் மூச்சுக்கு என்ன நடக்கும் என்பதை அது அளப்பதில்லை. எவரெஸ்ட் அடிவாரப் பாதையில் கயிறு பிடிக்கத் தேவையில்லை, பாறையில் தொங்கத் தேவையில்லை. யாக் மாடுகளும் கோவேறு கழுதைகளும் சுமையோடு போய்வருகிற பாதை அது. அங்கே கடினம் என்பது பெரும்பாலும் மூச்சில்தான் இருக்கிறது.

ஆகவே கிலோமீற்றர் கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம். விமானத்தில் வந்து இறங்குகிற லுக்லா என்ற ஊரில் தொடங்கிப் போய்வர சுமார் 130 கிலோமீற்றர். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் அதைப்போலப் பல மடங்கு நடக்கிறார்கள். வற்றாப்பளையில் வந்து தங்கிப் போகிற அந்தக் கூட்டத்தில் வயதான அம்மாமாரையும் பார்த்திருப்பீர்கள். தூரம் எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. தாளில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள்?

பேனையை எடுத்து இடங்களுக்குப் பக்கத்தில் உயரத்தை எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் நான் எழுதிப் பார்த்தேன். முதல் இரவு பாக்டிங், 2,610 மீற்றர். இரண்டாவது நாம்சே பசார், 3,440. மூன்றாவது தெங்போச்சே, 3,860. நான்காவது டிங்போச்சே, 4,410. ஐந்தாவது லொபுச்சே, 4,910. ஆறாவது கொரக் ஷெப், 5,164. அன்றைக்கே 5,364 மீற்றரில் இருக்கிற அடிவார முகாமைத் தொட்டுத் திரும்புவது. வரைபடத்துக்கு வரைபடம் பத்து இருபது மீற்றர் வித்தியாசம் வரும், அது பரவாயில்லை. ஐந்தே நாளில் உங்கள் படுக்கை 2,500 மீற்றருக்கு மேல் உயர்ந்துவிட்டது. எந்த இடத்திலும் இரண்டாவது இரவு இல்லை.

மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 3,000 மீற்றருக்கு மேலே, படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இரவில் இறங்கி வந்து படுப்பது நல்லதுதான், உடம்பு பழகும். பாக்டிங்கில் இருந்து நாம்சேக்கு ஒரே மூச்சில் 830 மீற்றர் கூடுகிறது. இடையில் 2,835 மீற்றரில் மொஞ்சோ என்ற ஊரில் படுத்தால் கொஞ்சம் குறையும். எப்படியும், ஒழுங்கான திட்டம் என்றால் நாம்சேயில் இரண்டு இரவும் டிங்போச்சேயில் இரண்டு இரவும் இருக்கும். உங்கள் தாளில் அந்த இரண்டையும் வெட்டித்தான் 10 நாளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். விலை குறைவாகத் தெரிவதும் அதனால்தான்.

இந்த நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? நான் கிளிநொச்சியில் உயிரியல் படிப்பிக்கிறவன், அதனால் இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன். மேலே போனால் காற்றில் ஒட்சிசன் குறைவு என்று பேச்சுக்குச் சொல்கிறோம். விகிதம் குறைவதில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் அது ஏறத்தாழ 21 வீதம்தான். குறைவது காற்றின் அமுக்கம். நாம்சேயில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு, 5,500 மீற்றரில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சுக்கு உள்ளே வருகிற ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறைந்துபோகும்.

உடம்பு உடனே என்ன செய்யும்? வேகமாக மூச்சு விடும். ஆனால் அப்படி விடும்போது காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியே போய், குருதி காரத்தன்மைக்கு மாறுகிறது. அதை உணர்ந்த மூளை ‘மூச்சைக் குறை’ என்று பிரேக் பிடிக்கிறது. சிறுநீரகம் இரண்டு மூன்று நாளாக அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேற்றின பிறகுதான் அந்தப் பிரேக் தளரும். மேலே போனவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வருவது இதன் அடையாளம், நல்ல அடையாளம். செங்குருதிக் கலங்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் எடுக்கும். இந்த வேலைகளை எந்த உடற்பயிற்சியாலும் விரைவுபடுத்த முடியாது. இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், நாம்சே அதைவிட 900 மீற்றருக்கு மேல் உயரம். ஆகவே இங்கே பழகிக்கொண்டு போக வழி இல்லை. அங்கே போய் நாள் செலவழித்துத்தான் பழக வேண்டும்.

உங்கள் அண்ணாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓடுகிறவருக்கு மலை நோய் வராது என்று ஒரு விதியும் இல்லை. நல்ல உடற்கட்டு உள்ளவர் வேகமாக ஏறிவிடுவார், உடம்பு பழக முதலே மேலே போய் நிற்பார். இதனாலேயே திடமான இளைஞர்கள் பலர் விழுகிறார்கள். ஆறுதலாக நடக்கிற நீங்கள் சுகமாக இருக்க, அவர் படுத்துவிடலாம். அப்போது யார் பின்தங்கியிருக்கிறாரோ அவருடைய வேகத்தில்தான் போவது என்று இரண்டு பேரும் இப்போதே கதைத்து முடிவெடுங்கள்.

நானும் முதல் தடவை அப்படியொரு அவசரத் திட்டத்தில்தான் போனேன். நாம்சேயில் ஓர் இரவு மட்டும். தெங்போச்சேயில் இலேசான தலையிடி தொடங்கியது. டிங்போச்சேயில் சாப்பாட்டைக் கண்டாலே சத்தி வந்தது. வழிகாட்டி கேட்டபோதெல்லாம் "ஒன்றுமில்லை" என்றேன். காசு கட்டியாயிற்று, ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, இனி எப்படித் திரும்புவது என்ற எண்ணம். லொபுச்சேயில் விடிய எழும்பி வெளியே போகும்போது குடித்தவன் போலத் தள்ளாடினேன். அதைக் கண்ட வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, என் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கீழே இறக்கினார். பெரிச்சேயில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே வந்து சேர்ந்தபோதே பாதி தெளிந்துவிட்டேன். அந்தத் தடவை அடிவார முகாமை நான் காணவில்லை. மறைத்தது என் பிழை. அந்த மனிதர் கவனித்திருக்காவிட்டால் இன்றைக்கு இதை எழுத நான் இல்லை.

ஆகவே அடையாளங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். தலையிடியோடு, பசியின்மை அல்லது சத்தி, மிஞ்சிய களைப்பு, தலைச்சுற்று என்பவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘தண்ணீர் குடிக்காததால்தான், வெயிலால்தான்’ என்று காரணம் தேடக் கூடாது. அன்றைக்கு மேலே போகக் கூடாது. அதே இடத்தில் தங்கி, குறைந்தால் தொடரலாம். கூடினால் இறங்க வேண்டும்.

இதற்கு மேல் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று மூளையில் வீக்கம். ஆள் தடுமாறுவார், குழம்பிக் கதைப்பார். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை வயல் ஊர் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாதது: ஒடுக்கமான வரம்பில் நடப்பதுபோல, ஒரு காலின் குதி மற்றக் காலின் பெருவிரலைத் தொட நேர்கோட்டில் நடக்க வேண்டும். நடக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மற்றது நுரையீரலில் நீர் சேர்வது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் கூடும், நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வரும். இரண்டுக்கும் முதல் மருந்து இறக்கம்தான். ஒட்சிசனும் மற்ற மருந்துகளும் அந்த இறக்கத்துக்குத் துணை.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த, குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவியைச் சிலர் கொண்டுபோவார்கள். கொண்டுபோகலாம். இங்கே 97, 98 காட்டுவது ஐயாயிரம் மீற்றரில் 80ஐ ஒட்டி வந்தாலும் சுகமாக இருக்கிறவர்கள் உண்டு. எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், எண் நல்லது என்று தலையிடியை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

அசிற்றசோலமைட் என்ற மாத்திரை, டயமொக்ஸ் என்று பாமசிகளில் அறியப்படுவது, சிறுநீரகத்தின் அந்த வேலையை விரைவாக்கும். தடுப்புக்காகப் பொதுவாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளில் இருந்து. விரல் நுனி விறைத்ததுபோல இருக்கும், சோடாவின் சுவை கெட்டுப்போகும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வைத்தியரைக் கேட்காமல் யாரும் தொடங்க வேண்டாம். இந்த மாத்திரை இருக்கிறது என்று நாளைக் குறைக்கவும் கூடாது. நித்திரைக் குளிசையும் சாராயமும் மேலே ஆகாது, இரண்டும் மூச்சை அமத்தும்.

உயரத்துக்கு அடுத்ததாகத் தாளில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு நாளும் மொத்தம் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்பது. தொடங்கும் உயரத்தை முடியும் உயரத்தில் இருந்து கழித்தால் போதாது. ஆற்றுக்கு இறங்கித் தொங்குபாலம் கடந்து மறுபடி ஏறுகிற இடங்கள் நிறைய. நேய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணித்தியாலம். 4,000 மீற்றருக்கு மேலே வருகிற விடையை இரட்டிப்பாக்குங்கள் என்பது என் அனுபவம்.

பிறகு, வருத்தம் வந்தால் எவ்வளவு விரைவாகக் கீழே இறங்கலாம் என்று பாருங்கள். எவரெஸ்ட் பாதையில் வந்த வழியே திரும்பினால் இறக்கம்தான், அது பெரிய வசதி. நேபாளத்தின் இன்னொரு நடைபாதையான அன்னபூர்ணாச் சுற்றுப் பாதையில் 5,416 மீற்றர் தொரோங் லா கணவாயைத் தாண்டியே ஆக வேண்டும். உயரம் ஏறத்தாழ ஒன்றானாலும், கணவாய் தாண்டுகிற பாதை ஒரு படி கூடக் கடினம் என்றே நான் கணிப்பேன்.

காலநிலையிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒக்ரோபர், நவம்பர் அங்கே வானம் தெளிந்த பருவம், மார்ச் முதல் மே வரை அடுத்த பருவம். ஆனால் 2014 ஒக்ரோபரில் வங்காள விரிகுடாவில் எழுந்த ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி, வலுவிழந்த பிறகும் வடக்கே நேபாளம் வரை போய் அன்னபூர்ணாப் பக்கம் பனியாகக் கொட்டியது. தொரோங் லா கணவாயிலும் சுற்றியுள்ள இடங்களிலும் 40க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே கடலில் தாழமுக்கம் என்ற செய்தி வந்தால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கட்டுகிற ஊர் எங்களுடையது. வானிலைச் செய்தி கேட்கிற அந்தக் காதை அங்கேயும் கொண்டுபோங்கள். இரண்டு நாள் கையில் உபரியாக வைத்திருங்கள். லுக்லா விமானம் முகில் மூடினால் பறக்காது, நெருக்கமான மாதங்களில் பல விமானங்கள் காத்மாண்டுவில் இருந்து இல்லாமல் ரமேச்சாப்பில் இருந்துதான் புறப்படும், அங்கே போகவே நாலைந்து மணித்தியாலம் வீதியில் ஓட வேண்டும்.

சரி, இனித் தயாரிப்பு. வன்னியில் மலை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். கால்களுக்கு வேண்டியது ஏற்றமும் இறக்கமும், அவை இங்கே இருக்கின்றன. நான் இரணைமடுக் குளக்கட்டில் பழகினேன். உங்களுக்குக் கிட்ட முத்தையன்கட்டு இருக்கிறது. கட்டின் சரிவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு மணித்தியாலம். அதைவிட நல்லது உங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படி. மூன்று மாடி என்றால் சுமார் 10 மீற்றர், 60 தடவை ஏறினால் 600 மீற்றர். மாடிக் கட்டடமே இல்லாவிட்டாலும் 20 சென்ரிமீற்றர் உயரமான வீட்டு வாசற்படி போதும், 3,000 தடவை ஏறி இறங்கினால் அதே 600. சலிப்பான வேலைதான். பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல பாடம்.

இறக்கத்தைத் தவறவிடாதீர்கள். தட்டை நிலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏற்றம் மூச்சைத்தான் எடுக்கும், இறக்கம் தொடைத் தசையைக் கிழிக்கும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அந்த வேலை தட்டை நிலத்தில் நடக்கும்போதோ சைக்கிள் ஓடும்போதோ அவ்வளவாக வருவதில்லை. முதல் கிழமை தொடை நொந்து நாற்காலியில் இருக்கக்கூடக் கஷ்டமாக இருக்கும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு தசை பழகிவிடும், நோவு வராது. வெறும் பையோடு தொடங்கி, மாதத்துக்கு இரண்டு கிலோவாகக் கூட்டி, ஏழு கிலோவில் நிறுத்துங்கள். மிச்சத்தை அங்கே சுமை தூக்குகிறவரிடம் கொடுக்கலாம். அரிசிப் பைக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல்களை வைத்தால், முழங்கால் நொந்த அன்று தண்ணீரை ஊற்றிவிட்டு இறங்கலாம்.

நான்கு மாதம் வேண்டும். கிழமையில் மூன்று நாள் படி, ஒரு நாள் நீண்ட நடை. நீண்ட நடையை இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி ஆறு வரை கொண்டுபோங்கள். கடைசி மாதத்தில் சனியும் ஞாயிறும் தொடர்ந்து நடக்க வேண்டும். மலையில் களைப்பு அடுத்த நாள் காலையில்தான் தெரியும், அந்த அடுத்த நாளைத்தான் பழக வேண்டும். வெயிலுக்கு முதல், விடிய ஐந்து மணிக்குத் தொடங்குங்கள், ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டில் யானை நிற்கும், வெளிச்சம் வந்த பிறகு போங்கள். காட்டுக்குள் புது வழி தேட வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களின் பக்கமே போகாதீர்கள், வீதியும் குளக்கட்டும் போதும். வேகத்துக்கு ஒரே அளவு: பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது. நேபாளத்தில் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், மெல்ல மெல்ல என்று பொருள்.

பரீட்சைக்குச் சிவனொளிபாதமலை இருக்கிறது. நல்லதண்ணிப் பக்கத்தால் சுமார் 5,500 படிகள், ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீற்றர், உச்சி 2,243. ஏழு கிலோவோடு ஒரு நாள் ஏறி இறங்குங்கள். ஹற்றனில் படுத்துவிட்டு அடுத்த நாள் மறுபடி ஏறுங்கள். இரண்டாம் நாளும் கதைத்துக்கொண்டு ஏற முடிந்தால் உங்கள் கால் தயார். உயரம் அங்கே பழகாது, அதற்காகப் போகவில்லை. பருவம் மார்கழிப் போயாவில் தொடங்கி வைகாசியோடு முடிந்துவிடும். பிறகும் பகலில் ஏறலாம், மழையும் காற்றும் அட்டையும் இருக்கும், தனியே போகாதீர்கள்.

இனி உங்கள் கால். ஷெல் துண்டு உடம்பில் இருப்பதால் உயரம் அதை எதுவும் செய்யாது. உலோகத்துக்கு அமுக்கம் பொருட்டில்லை. நான் கேட்க விரும்புவது வேறு இரண்டு. இறங்கும்போது அந்தக் கெண்டைக்கால் பாரத்தைத் தாங்குகிறதா? கீழே பாதத்தில், விரல்களில், விறைப்பு உண்டா? நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வு குறைந்த விரல் குளிரை அறிவிக்காது, சப்பாத்து கடித்தாலும் அறிவிக்காது. அப்படி இருந்தால் ஒவ்வொரு மாலையும் சப்பாத்தைக் கழற்றிக் கண்ணால் பார்த்துத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். மாவட்ட வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஒரு தடவை காட்டுங்கள், இடது வலது பலத்தை ஒப்பிட்டுச் சொல்வார். உங்களைப்போல எத்தனையோ பேர் எங்கள் ஊர்களில் துண்டுகளோடு வயலும் செய்து கடலுக்கும் போகிறார்கள். நெஞ்சுக்குள் துண்டு இருக்கிறவர்கள், நுரையீரலில் காயப்பட்டவர்கள் மட்டும் நிபுணரிடம் காட்டாமல் உயரத்துக்குப் போகவே கூடாது.

போக முதல் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ஒட்சிசன் குறைந்த இடத்தில் இரட்டைக் கஷ்டம், அதைச் சரிப்படுத்த மாதங்கள் எடுக்கும், ஆகவே இப்போதே. சீனி வருத்தம், பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே முடியாது என்று இல்லை, வைத்தியரோடு கதைத்து மருந்தை ஒழுங்கு செய்துகொண்டு போக வேண்டும்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். குளிர் ஜக்கெட்டும் படுக்கைப் பையும் காத்மாண்டுவில் தமேல் பகுதியில் வாடகைக்கே கிடைக்கும். சப்பாத்தை மட்டும் இங்கேயே வாங்கி, நான்கு மாதப் பயிற்சியையும் அதோடுதான் செய்ய வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துக் கழரும். பருத்தி உடுப்பு வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. ஆயிரம் மீற்றருக்கு 6.5 பாகை வீதம் குளிர் கூடும் என்று கணக்குப் போட்டாலே, இங்கே 30 பாகையாக இருக்கும்போது அங்கே பகலிலேயே பூச்சியம் பக்கம். இரவு பூச்சியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். கைத்தடி இரண்டு கொண்டுபோங்கள், இடது காலுக்கு அது மூன்றாவது கால். சாப்பாட்டில் உங்களுக்குக் கஷ்டமே இல்லை. சோறும் பருப்பும்தான், கேட்கக் கேட்கப் போடுவார்கள். நாம்சேக்கு மேலே இறைச்சி வேண்டாம், நாள்கணக்கில் முதுகில் சுமந்து வருவது அது. காப்புறுதி எடுக்கும்போது எத்தனை மீற்றர் வரை செல்லும், ஹெலிகொப்டர் செலவு அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். 3,000 அல்லது 4,000 மீற்றரோடு நின்றுவிடுகிற காப்புறுதிகள் உண்டு.

நிறுவனத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள்: நாம்சேயில் ஒன்று, டிங்போச்சேயில் ஒன்று, இரண்டு இரவு கூட்டித் தர வேண்டும், கடைசியில் இரண்டு நாள் உபரி வேண்டும். மறுத்தால் வேறு நிறுவனம் பாருங்கள். அண்ணாவுக்கு லீவு அவ்வளவு கிடைக்காது என்றால் எவரெஸ்டை விட்டு அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போங்கள். அது 4,130 மீற்றர், கடைசி ஓரிரண்டு இரவு மட்டும்தான் உயரத்தில் படுப்பது, மலையும் கையெட்டும் தூரத்தில் நிற்கும். கற்படிகள்தான் அங்கே அதிகம், உங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படி அதற்குக் கைகொடுக்கும். இரண்டில் முதல் பயணத்துக்கு எது என்று என்னைக் கேட்டால் அன்னபூர்ணாவைத்தான் சொல்வேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளையைத் தேடி அலைந்த ஊர் இது, அவ பயப்படுவது நியாயம். "ஒன்றும் நடக்காது" என்று சொல்லாதீர்கள். திருத்திய திட்டத்தை ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த ஊர், எந்த உயரம், வழிகாட்டியின் தொலைபேசி இலக்கம். எந்த இரவில் போன் வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள், அந்த இரவில் அவ விழித்திருக்கத் தேவையில்லை. தலையிடி வந்தால் இறங்கிவிடுவேன் என்று அவவிடம் சொல்லுங்கள், அண்ணாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தாளைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். நான் இரண்டாம் தடவை போனபோது என் அம்மா ஒவ்வோர் இரவும் அதில் ஒரு கோடு கீறி வைத்திருந்தா.